சேர வேண்டிய எடம்

இல்லீங்க தம்பி, பை மடியிலயே இருக்கட்டும். மேல எடம் இருக்குதுன்னு நல்லதுக்குத்தான் சொல்றீங்க. உங்களையச் சொல்லலீங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஈரோட்டுல பஸ் ஏறுனதுல இருந்து அந்தச் செகப்புச் சட்டைக்காரன் திரும்பித் திரும்பிப் பாக்கறான், கவனிச்சீங்களா? உள்ள காசு பணமெல்லாம் ஒன்னுமில்லீங்க. ஒரு கவரு. அதுக்குத்தான் இந்தப் பாடு.

தம்பி எங்க எறங்கறீங்க? கோயமுத்தூரு ஹோப் காலேஜ் ஸ்டாப்பா? ஆபீசு அங்கதானா? அட, நானும் அங்கதானுங்க போகோணும். பொருளாதாரத்துக்குன்னு ஒரு ஆராய்ச்சி நெலையம் இருக்குதாமா, தெரியுங்களா? உங்க ஆபீசுக்கு எதுத்தாப்லயேவா? பாருங்க, யாருகிட்டயும் வழி கேக்கோணுமேன்னு நெனைச்சுட்டே வந்தேன். வழி கேட்டா எவன் நெசம் சொல்றான்?

எம்பேரு சென்னியப்பனுங்க. மஞ்ச மண்டியில புரோக்கரு. விரலி மஞ்சள ஒடிச்சுப் பாக்காம நான் வெலை சொன்னதே கெடையாது. மேல நல்ல மஞ்சளாப் பரப்பி, அடியில சொத்தையப் போட்டு மூட்டை தெச்சுட்டு வர்றவன் எத்தன பேரப் பாத்திருக்கறேன். சிரிச்சுட்டே வருவானுங்க. சிரிச்சுட்டு வந்தா இன்னும் ரெண்டு எடத்துல ஒடிச்சுப் பாப்பேன். அது பழகிப் போச்சுங்க, ஊட்டுலயும் அப்படித்தான். தயிருக்காரன் சிரிச்சாக்கூட எனக்கு ரோசனை வந்துரும்.

எனக்கு ஒரே புள்ளைங்க. தாரணி. கவர்மென்ட் காலேஜுல பி.ஏ. எகனாமிக்ஸ் கடைசி வருசம். நெம்ப நல்லாப் படிக்கும். அவ ஒரு நாள் வந்து, "அப்பா, பெங்களூர்ல ஒரு மாசம் கோர்ஸ் இருக்குது, அப்ளை பண்ணட்டுமா"ன்னா. காசு எவ்வளவு கட்டோணும்னு கேட்டேன். ஒன்னும் கட்ட வேண்டாமாமா. தங்க எடம் அவங்களே குடுப்பாங்களாம், சோறு அவங்களே போடுவாங்களாம், அது பத்தாதுன்னு கையில வேற செலவுக்குக் குடுப்பாங்களாம். நான் கேக்கறேன், எந்த ஊருலயாவது சொல்லிக் குடுக்கறவன் படிக்கற புள்ளைக்குக் காசு குடுப்பானா? கிட்னியத் திருடறதுக்குக் கூட்டீட்டுப் போறானோ என்னமோன்னு நேராவே சொல்லீட்டேன். எம்பட ஊட்டுக்காரி ருக்குமணி, "காலங்காத்தால நல்ல வார்த்தை வராதா உங்க வாயில"ன்னு சண்டைக்கு வந்துட்டா.

ஏன் சொல்றேன்னா, அதுக்கு முந்தின வருசம் நானே ஒரு எடத்துல சேத்து உட்டிருந்தேனுங்க. இன்டர்ன்ஷிப்புன்னு சொன்னானுங்க. ஏசி ரூம்பு, கண்ணாடிக் கதவு, டை கட்டுன பையன். பீசு கட்டச் சொன்னான், ரசீது குடுத்தான். காசு கேக்கறான்னா நேர்மையான ஆளுன்னு நம்பீட்டேன். தாரணி அப்பவே சொன்னா, காசு கேட்டா அது நல்ல எடமில்லைன்னு. அவளுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ளைன்னு நெனைச்சேன். அடுத்த மாசம் போய்ப் பாத்தா அந்த ரூம்புல செருப்புக் கடை வெச்சிருக்கறான். அது வேற கதை, உடுங்க.

பெங்களூர்க் கதைக்கு வர்றேன். நான் முடியாதுன்னு ஒரே புடியா நிக்கறேன். அப்பத்தான் புள்ள வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சு. "ஒருத்தருகிட்ட ரெக்கமண்டேஷன் வாங்கோணும்ப்பா"ன்னா. என்னது, இன்னொருக்கா சொல்லுன்னேன். ரெக்கமண்டேஷனாமா. சிபாரிசு.

எனக்கு மனசு அப்பத்தானுங்க எறங்குச்சு. சிபாரிசு கேக்கறான்னா அது நெசமான எடந்தான். ஏமாத்தறவன் எதுக்குச் சிபாரிசு கேக்கறான்? நான் வயசுப் பையனா இருக்கறப்ப கூட்டுறவுச் சங்கத்துல கிளார்க்கு வேலைக்கு இன்டர்வியூ போனேனுங்க. எழுதுன பரீட்சையில நாந்தான் முதல்ல. உள்ள போனதும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "யாரு சொல்லி வந்தே?" யாரும் சொல்லலீங்க, நானா வந்தேன்னேன். ஒருத்தரை ஒருத்தரு பாத்துச் சிரிச்சாங்க. வெளிய வர்றேன், எனக்குப் பொறகால உக்காந்திருந்தவனுக்குக் கூட்டல் கூடத் தெரியாது, அவன் இப்ப அதே சங்கத்துல செக்ரட்டரியா ரிட்டயர்டு ஆயிட்டான். அந்தச் சிரிப்பு இன்னைக்கும் காதுல கேக்குதுங்க. எம்புள்ளகிட்ட எவனும் அப்படிக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அதுக்காக நான் எவன் காலுல வேணும்னாலும் உழுவேன்.

ஆனா அவ யாருகிட்ட சிபாரிசு கேட்டிருக்கறா தெரியுங்களா? அவ காலேஜ் மேடம்கிட்ட. ஜெசிந்தான்னு பேரு. எகனாமிக்ஸ் எடுக்கறவங்க. நான் கேக்கறேன், ஒரு வாத்தியார் சொன்னா எவன் கேப்பான்? எங்க காலத்துல வாத்தியாருங்க அவங்க மாறுதலுக்கே அடுத்தவங்ககிட்டச் சிபாரிசுக்கு நிப்பாங்க. அது கூடப் பரவால்லீங்க. அந்த மேடம் எழுதற லெட்டரைப் புள்ளைக்கே காட்டாதாமா. நேரா பெங்களூருக்கே அனுப்பிருமாமா. அதுதான் மொறையின்னு சொல்றா தாரணி. நல்லதா எழுதுனா எதுக்குங்க மூடி வெக்கோணும்? மூட்டைய ஒடிச்சுப் பாக்காம வாங்கற மாதிரிதான இது? அன்னைக்கே எனக்கு மேடம் மேல ஒரு சந்தேகம்.

அதனால நான் ஒரு காரியம் பண்ணுனேனுங்க. புள்ளைக்குத் தெரியாம. எங்க பஞ்சாயத்து யூனியன் சேர்மன் குப்பண்ணன் ஊட்டுக்கு நாலு நாள் நடந்தேன். ஒரு நாளு குளிச்சுட்டு இருக்கறாரும்பாங்க, ஒரு நாளு கண்ணாலத்துக்குப் போய்ட்டாரும்பாங்க. கடைசியா ஆளைப் புடிச்சுட்டேன். அவரு லெட்டர்பேடுல எழுதி, சீலு வெச்சு, எங்கண்ணு முன்னாலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருங்க. மூடலை. படிச்சுப் பாத்துக்க சென்னியப்பான்னாரு. "மேற்படியார் எமக்கு நன்கு அறிமுகமானவர், ஆவன செய்யவும்." எத்தன லட்சணமா இருக்குது பாருங்க. புள்ள பேரை மட்டும் தரணிகுமாருன்னு போட்டுட்டாங்க, அது பரவால்லீங்க.

அதோட உட்டாரா? பெங்களூருக்கே போன் போட்டாருங்க. ஸ்பீக்கர்ல வெச்சுத்தான் பேசுனாரு. எடுத்தவன் நல்லவேளை தமிழ்க்காரன். குப்பண்ணன் எடுத்ததுமே, "நான் சேர்மன் பேசறேன், இது நம்ம புள்ள, பாத்துப் பண்ணுங்க"ன்னு ஒரு போடு போட்டாரு. பேரு என்னன்னு கேட்டான், காலேஜ் என்னன்னு கேட்டான். எல்லாம் எழுதிக்கிட்டான். அப்பறம் நெம்ப மரியாதையாச் சொன்னானுங்க. "சரிங்க சார். அந்த அப்ளிகேஷனைத் தனியா எடுத்து வெச்சிடறோம்"னு.

தனியா எடுத்து வெச்சிடறோம். எங்க மண்டியில ஒரு லாட்டு மஞ்சளைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்கன்னா அது தங்கம்னு அர்த்தமுங்க. பெரிய ஏவாரி வர்ற வரைக்கும் அதுல எவனும் கை வெக்கக் கூடாது. நான் குப்பண்ணன் காலத் தொட்டுக் கும்புட்டுட்டு வந்தேன். ஊட்டுக்கு வர்ற வழியில லாலாக் கடையில அல்வா வாங்கீட்டு வந்தேன். என்ன விசேசம்னு கேட்டா ருக்குமணி. சும்மாதான்னேன்.

ஏனுங்க தம்பி, எதுக்கு நெத்தியில கை வெக்கறீங்க? தலைவலியா? ஜன்னலைச் சாத்தீருங்க, காத்து ஆகாது சில பேருக்கு.

அப்பறம் ஒரு நாளு கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ. நம்ம ஊட்டு ரூம்புலயே கதவைச் சாத்தீட்டு உக்காந்துட்டா. நான் கதவுகிட்டயே நிக்கறேன். இங்கிலீசுல டக்கு டக்குன்னு பதில் சொல்றா பாருங்க, எம்பொண்ணான்னு எனக்கே சந்தேகம். எனக்கு ஒன்னும் புரியல, ஆனா கேக்கறவங்க அடிக்கடி "குட், குட்"டுங்கறாங்க. அது புரியுதுங்களே. ஒரு இருவது நிமிசம் போயிருக்கும். அப்ப ஒரு பொம்பளைக் குரல் என்னமோ கேட்டுச்சு. நடுவுல "குப்பண்ணன்"னு பேரு வருது. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சுங்க. பெங்களூரு வரைக்கும் பேரு போயிருச்சே.

இவ என்ன சொன்னா தெரியுங்களா? மெதுவா, "ஐ டோன்ட் நோ ஹிம்"ங்கறா. அது எனக்கே புரிஞ்சுது. தெரியாதாமா! நான் கதவுக்கு வெளிய நின்னுட்டுத் துடிக்கறேன். எங்க மாமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? அவரு ஊட்டுக்கு நான் நடந்தது வேறெதுக்கு? ஒரு வார்த்தை நான் முன்னாலயே சொல்லி வெச்சிருக்கோணும். அது ஒன்னுதானுங்க நான் பண்ணுன தப்பு.

வெளிய வந்தா. மொகமே சரியில்ல. "அப்பா, யாராவது எனக்காகப் போன் பண்ணுனாங்களா?"ன்னு கேட்டா. மேடம் பண்ணியிருக்கும்னு சொல்லீட்டேன். எதுக்குங்க உள்ளதைச் சொல்லி, அப்பன் இவ்வளவு அலைஞ்சானேன்னு புள்ள மனசு கஷ்டப்படும். அவ என்னையவே பாத்துட்டு நின்னா. அன்னைக்கு ராத்திரி சாப்புடல. ருக்குமணி அடுப்படியில கண்ணைத் தொடைச்சுட்டு இருக்கறா. என்னடின்னா, ஒன்னுமில்லைங்கறா.

கெடைக்கலீங்க. ஆமா, போச்சு. மேடம் என்னையக் காலேஜுக்கு வரச் சொல்லுச்சு. "ஏனுங்க, இந்த மாதிரி எடத்துல வெளியாளுங்க போன் பண்ணுனா அந்தப் புள்ளைய எடுக்க மாட்டாங்க, அதுதான் சட்டம். நாங்க ரெக்கமண்டேஷன்னு எழுதறது அவ எப்படிப் படிக்கறா, எப்படி யோசிக்கறான்னு எழுதறது"ன்னு பாடம் எடுக்குது. நான் சிரிச்சுட்டே கேட்டுக்கிட்டேன். மூடி அனுப்புன லெட்டருல நீ என்ன எழுதுனியோ யாருக்குத் தெரியும்னு மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டேன்.

அந்த எடம் யாருக்குப் போச்சு தெரியுங்களா? அதே காலேஜுல இன்னொரு புள்ளைக்கு. அவங்கப்பன் எங்க மண்டியிலதான் லோடுமேனு, ராக்கியப்பன். மூட்டை தூக்கறவன். நேரா அவங்கிட்டப் போனேன். டீ வாங்கிக் குடுத்து நைசாக் கேட்டேன், யாரைடா புடிச்சேன்னு. "எனக்கு ஒன்னுமே தெரியாதுங்கண்ணா, புள்ளையே எழுதிப் போட்டுச்சு, வந்திருச்சுன்னு சொல்லுச்சு"ங்கறான். ஒன்னுமே தெரியாதுன்னு சொல்றவன்தானுங்க பெரிய ஆளு. ஒரு வாரம் அவன் எங்க போறான், யாருகிட்டப் பேசறான்னு பாத்தேன். மண்டிக்கு வர்றான், மூட்டை தூக்கறான், ஊட்டுக்குப் போறான். அப்படியாப்பட்ட அழுத்தக்காரன். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. நம்ம குப்பண்ணன் பவரு பத்தலீங்க. யூனியன் சேர்மனெல்லாம் பெருந்துறை வரைக்குந்தான்.

தாரணிகிட்டயே சொன்னேன், அடுத்த தடவை பெரிய ஆளாப் புடிக்கலாம் கண்ணுன்னு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? "அப்பா, இனிமே எனக்காக நீங்க எதுவுமே பண்ண வேண்டாம். உங்க காலுல வேணும்னாலும் உழுகறேன்"னா. பாருங்க, அப்பனைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு அந்தப் புள்ளைக்கு எத்தன பாசம்.

கருமத்தம்பட்டி தாண்டிருச்சா? இன்னுங் கொஞ்ச நேரந்தான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன வாரம் பொட்டியக் கட்டுனா. காலேஜுல இருந்து சேவூர்ல கேம்பு, ஆறு வாரம்னா. செரின்னுட்டேன். ஆனா சேவூருக்குக் கேம்பு போற புள்ளை எதுக்கு லேப்டாப்புக்குப் புதுப் பை வாங்குது? ருக்குமணியப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்குனேன், கொட்டீட்டா. கேம்பெல்லாம் இல்ல. உங்க ஆபீசுக்கு எதுத்தாப்ல இருக்கற அந்த ஆராய்ச்சி நெலையத்துல கோர்ஸ் கெடைச்சிருக்குது. ஆறு வாரம் முடிஞ்சதும் நல்லாப் பண்ற புள்ளைங்களுக்கு எம்.ஏ. படிக்க முழு ஸ்காலர்ஷிப்பாமா. அது கெடைச்சா அவ நெனைச்ச படிப்புப் படிப்பா. கெடைக்கலீன்னா என்னால ஆகாதுங்க தம்பி, மஞ்ச வெலை இருக்கற இருப்புல. எங்க பங்காளிங்க இப்பவே மாப்பளை போட்டோவோட திரியறாங்க. நான்தான் அக்கட்டப் போங்கடான்னு தள்ளி உட்டுட்டு இருக்கறேன்.

யாரு சிபாரிசுன்னு கேட்டேன். அதே மேடம் எழுதுன லெட்டருதானாமா. வேற யாரும் ஒரு வார்த்தை சொல்லலையாமா. சொல்லாம எப்படிங்க குடுப்பான்? எனக்கு அங்கதான் சந்தேகமே. ஒன்னு அந்த எடம் டுபாக்கூரா இருக்கோணும். இல்லீன்னா சும்மா உள்ள எடுத்துட்டு, கடைசியில ஸ்காலர்ஷிப்பை வேற எவனுக்காவது குடுத்துருவானுங்க. அதுக்குத்தான் இந்தக் கவரு. முன்னாள் எம்.எல்.ஏ. குடுத்ததுங்க, போனும் பண்றேன்னிருக்கறாரு. இந்தத் தடவை பேரு கூட செரியாப் போட்டாச்சு. நேரா டைரக்டரையே பாத்து, கையில குடுத்து, எம்புள்ளைதானுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தர்றேன்.

ஆனா ஒன்னு சொல்றேன் தம்பி. எத்தனையோ பேரு என்னைய ஏமாத்தியிருக்கறாங்க. அதெல்லாம் எனக்கு வலிக்கல. எம்பொண்ணு எங்கிட்ட மறைச்சுட்டா பாருங்க, அது வலிக்குதுங்க. அந்த மேடம்தான் சொல்லிக் குடுத்திருக்கும். இல்லீன்னா அவ எங்கிட்ட எதுக்கு மறைக்கறா? நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணீட்டேன்?

என்னுங்க? நீங்களும் எகனாமிக்ஸா? இந்த மாதிரிக் கோர்சுல படிச்சுத்தான் வேலைக்கு வந்தீங்களா? உங்களுக்கு யாரு சிபாரிசு? உங்க வாத்தியாரா? வேற யாரும் இல்லையா? செரி செரி, சொல்ல இஷ்டமில்லீன்னா உடுங்க. நான் வற்புறுத்தல.

ஒரு நிமிசமுங்க, போனு. அவதான்.

சொல்லு கண்ணு. மண்டியிலதான் இருக்கறேன். அது லாரி ஹாரனு. ஆமா, லாரிதான், பஸ்ஸுக்கு இங்க என்ன வேலை? சாப்புட்டாச்சு. நீ சாப்புட்டியா? இன்னைக்கா? எல்லாரு முன்னாடியுமா? அதெல்லாம் நல்லாப் பேசுவே சாமி. பயப்படாத. அப்பன் இருக்கறேன். கண்ணு? அலோ?

வெச்சுட்டாளுங்க. கேம்புல இன்னைக்கு அவ பேசற நாளாமா, பயமா இருக்குதுன்னா. அப்பன் இருக்கறேன்னேன், அலோ அலோன்னு கூப்புட்டேன். அப்பறம், "அப்பா, நீங்க ஊட்டுலயே இருங்க, அது போதும்"னா. மண்டியில இருக்கறேன்னு சொல்றேன், ஊட்டுல இருங்கங்கறா. எதையுமே நம்ப மாட்டேங்கறா, எம்புள்ள இல்லீங்களா.

என்ன சொல்றீங்க தம்பி? வெளியாளுங்களை உள்ள உட மாட்டாங்களா? டைரக்டரைப் பாக்கவே முடியாதா? நீங்களே குடுத்தர்றீங்களா? எதுத்தாப்லதான் ஆபீசுங்கறீங்க. உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? இல்ல, கேக்கறேன். உங்களுக்கு என்ன ஆதாயம் அதுல?

எம்புள்ளைக்காகவா.

மொகத்தக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. சிரிக்கக் காணமே நீங்க. சிரிச்சிருந்தீங்கன்னா குடுத்திருக்க மாட்டேன். எறங்கற எடமே வந்துருச்சு, பாருங்க. செரி, புடிங்க. நான் இப்படியே காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு போயித் திரும்பிக்கறேன். அவளும் ஊட்டுலயே இருங்கன்னுதான சொல்றா. கசங்காமப் பையில வெய்யுங்க. மூடலை, நீங்க படிச்சுக்கூடப் பாத்துக்கலாம்.

எம்.எல்.ஏ.வைப் போன் மட்டும் பண்ண வேண்டாம்னு சொல்லோணுமா? அது எதுக்கு? ரெண்டு பக்கமும் சொன்னா கொழம்பிரும், செரிதான். சொல்லீர்றேன், இப்பவே சொல்லீர்றேன்.

எறங்குங்க தம்பி, பாத்து. மறந்து போயிராதீங்க. என்னுங்க, கேக்கல, சத்தமாச் சொல்லுங்க. சேர வேண்டிய எடத்துல சேத்தர்றீங்களா? அது போதுமுங்க. அந்த வார்த்தை போதும்.

ஏப்பா செகப்புச் சட்டை, பாத்தியா அந்தத் தம்பிய? எவனையும் நம்பாதவன் நானு. ஆனா அது எம்புள்ளைக்கு நல்லதுதான் பண்ணும்னு மொகத்துலயே எழுதியிருக்குது. நீ சித்த அக்கட்ட நகுந்து உக்காரு, எம்பையை மேல வெக்கோணும்.